பின்வரிசை பிரிட்டிஷ் டென்னிஸ் வீரர்கள்: ஃபார்ம், உடம்பு, திறமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விம்பிள்டன் தொடங்கும் திங்கள்கிழமை வந்தால் போதும், நண்பர்களிடமிருந்து ஒரே மாதிரி செய்தி வரும். "யாருங்க இந்தப் பையன்? ரேங்கிங் 300க்கும் கீழே, பெயரே கேள்விப்பட்டதில்லை, எப்படி உள்ளே வந்தான்?" இரண்டு வாரம் கழிந்ததும் அந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பையன் மீதி 50 வாரமும் எங்கோ ஒரு மூலையில் ஆடிக்கொண்டுதான் இருப்பான். அந்த 50 வாரத்தைப் பல வருடமாக விடாமல் பார்த்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

பின்வரிசை என்று எந்த ரேங்கிங்கைச் சொல்கிறீர்கள்?

ஏறக்குறைய முதல் 100 இடங்களில் இருப்பவர்களுக்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் நேரடி இடம் கிடைக்கும். 100க்கும் 250க்கும் நடுவில் இருப்பவர்கள் கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்றில் ஆடலாம், வருடத்தின் மற்ற நாட்களில் சேலஞ்சர் எனப்படும் இரண்டாம் அடுக்குப் போட்டிகள். அதற்கும் கீழே இருப்பவர்களுக்கு ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) நடத்தும் எம்25, எம்15 என்ற கடைசி அடுக்குப் போட்டிகள்தான் பிழைப்பு. நான் சொல்லும் பின்வரிசை இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்தது. சேலஞ்சர் எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சென்னை நுங்கம்பாக்கம் மைதானத்தில் சமீப வருடங்களில் நடந்த ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) போட்டி அந்த வகைதான்.

ரேங்கிங் 700 என்றால் சுமாரான ஆட்டக்காரர் என்றுதானே அர்த்தம்?

இல்லை. 2016ல் நடந்ததைச் சொல்கிறேன்.

மார்கஸ் வில்லிஸ் அப்போது உலகத் தரவரிசையில் 772. வயது 25. வாரிக்கில் ஒரு கிளப்பில் மணிக்கு 30 பவுண்டுக்குப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் டென்னிஸ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் ஜூன் வரை போட்டிகளில் ஆடிச் சம்பாதித்தது 300 பவுண்டுகூட இல்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு அமெரிக்காவில் பயிற்சியாளர் வேலைக்குப் போகும் யோசனையில் இருந்தவரைக் காதலிதான் தடுத்து நிறுத்தினார். விம்பிள்டன் தகுதிச் சுற்றுக்குள் நுழையவே அப்போது ஒரு சிறு தேர்வுப் போட்டி இருந்தது. அதில் மூன்று ஆட்டம் ஜெயித்தார். அப்புறம் தகுதிச் சுற்றில் மூன்று. அங்கே அவர் தோற்கடித்தவர்கள் யூச்சி சுகிடா, ஆந்த்ரே ருப்லெவ், டேனில் மெட்வெடேவ். கடைசி இருவரும் பின்னாளில் உலகின் முதல் ஐந்துக்குள் வந்தவர்கள், மெட்வெடேவ் முதலிடத்தையே பிடித்தவர். பிரதான சுற்றில் லிதுவேனியாவின் பெரான்கிஸை நேர் செட்களில் ஜெயித்தார். அடுத்து சென்டர் கோர்ட்டில் ரோஜர் ஃபெடரர்.

முதல் செட் 6-0, ஃபெடரருக்கு. இரண்டாவது செட்டில் வில்லிஸ் தன் முதல் கேமை எடுத்தபோது இரண்டு கையையும் தூக்கினார், அரங்கமே எழுந்து கத்தியது. அதற்குப் பிறகு ஸ்கோர் 6-3, 6-4. அதாவது 772ஆம் இடத்துக்காரர் பதற்றம் தெளிந்த பிறகு ஃபெடரரோடு ஓரளவு சரிக்குச் சரி நின்றார். இடதுகை ஸ்லைஸ், மெதுவாக வளைந்து போகும் சர்வ், தலைக்கு மேலே அளந்து தூக்கிய ஒரு லாப். இதெல்லாம் அந்த ஒரு வாரத்தில் முளைத்த வித்தையா? பத்து வருடமாக அவர் கையில் இருந்தது. ரேங்கிங் எண்ணில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

700ஆம் இடத்தில் இருப்பவரும் சிறு வயதில் தன் மாவட்டத்திலேயே யாராலும் தோற்கடிக்க முடியாதவராக இருந்திருப்பார். 100க்கும் 700க்கும் இடையே பந்தை அடிக்கும் திறமையில் இருக்கும் வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அதே தரத்தை வருடத்தில் 30 வாரம், வாரத்தில் நான்கைந்து நாள் காட்ட உடம்பு ஒத்துழைக்கிறதா, அதில்தான் பெரிய வித்தியாசம். இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே அதுதான்.

ரேங்கிங் எப்படிக் கணக்காகிறது? ஏன் சிலருக்குத் திடீரென்று சரிகிறது?

ஒரு போட்டியில் எடுத்த புள்ளி 52 வாரம் கணக்கில் இருக்கும். அடுத்த வருடம் அதே வாரம் வந்ததும் அது போய்விடும். அதே அளவு புள்ளியை மறுபடி எடுத்தால் இடம் நிற்கும், இல்லையென்றால் சரியும்.

டான் எவன்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 2023 ஆகஸ்டில் வாஷிங்டன் போட்டியை ஜெயித்தார், 500 புள்ளி. 33 வயதில் உலகின் 21ஆம் இடம், அவருடைய ஆகச் சிறந்த ரேங்கிங். 2024ல் வாஷிங்டன் போட்டி நடந்த அதே வாரத்தில் பாரிஸ் ஒலிம்பிக்ஸ். ஆண்டி மரேயின் கடைசிப் போட்டி அது, இரட்டையரில் மரேவுக்கு ஜோடி எவன்ஸ். அவர் பாரிஸுக்குப் போனார். வாஷிங்டனின் 500 புள்ளியும் கழிந்தது, ரேங்கிங் 150க்கும் கீழே இறங்கியது. சில வாரம் கழித்து அமெரிக்க ஓப்பன் முதல் சுற்றில் அவர் கரென் கச்சனோவை ஐந்து செட்டில் ஜெயித்தார். கடைசி செட்டில் 0-4 என்று பின்தங்கியிருந்து 6-4 என்று முடித்தார். 5 மணி 35 நிமிடம், அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே நீண்ட ஆட்டம். அன்று அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தவர்கள் "இறங்குமுகத்தில் இருக்கும் 34 வயதுக்காரர்" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஒருவர் நல்ல ஃபார்மில் இருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எம்15 போட்டியில் ஐந்து வெற்றி என்பதும் சேலஞ்சரில் இரண்டாம் சுற்றில் 6-7, 6-7 என்று தோற்றதும் ஒன்றல்ல. பல சமயம் இரண்டாவதுதான் நல்ல செய்தி.

நான் முதலில் பார்ப்பது எதிராளி யார், தரை எது என்பது. அடுத்து, தன் சர்வ் கேம்களை எப்படிக் காப்பாற்றுகிறார். சுலபமாக எடுக்கிறாரா, இல்லை ஒவ்வொரு முறையும் 30-40, டியூஸ் என்று மூச்சு வாங்குகிறாரா? அப்புறம் மூன்றாவது செட். தொடர்ந்து மூன்றாவது செட்டை 6-1, 6-2 என்று இழக்கிறார் என்றால் அது ஃபார்ம் பிரச்சினையாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் காலில் வலு இல்லாததுதான் காரணம்.

ஃபார்ம் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் இந்த மட்டத்தில் மலைக்க வைக்கும் வேகத்தில் ஏறலாம். ஸ்காட்லாந்தின் ஜேக்கப் ஃபியர்ன்லி 2024 ஜூன் தொடக்கத்தில் 500க்கும் கீழே இருந்தார். நாட்டிங்ஹாம் சேலஞ்சரில் தகுதிச் சுற்றிலிருந்து ஆரம்பித்துப் பட்டத்தையே வென்றார். அடுத்த மாதம் விம்பிள்டன் இரண்டாம் சுற்றில் நோவாக் ஜோகோவிச்சிடமிருந்து ஒரு செட்டைப் பறித்தார். வருடம் முடியும்போது முதல் 100க்குள். ஆறே மாதத்தில் ஒருவருடைய ஃபோர்ஹேண்ட் அந்த அளவுக்கு மாறிவிடாது. அதுவரை அவர் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்ததால் ரேங்கிங்குக்கான போட்டிகளில் அதிகம் இறங்கவே இல்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

உடற்தகுதி என்கிறீர்களே, எல்லோரும்தான் ஜிம்முக்குப் போகிறார்கள். இவர்களுக்கு என்ன குறை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஜிம்மில் வரும் தகுதி வேறு, ஆட்டத்தில் வரும் தகுதி வேறு. வருடம் முழுக்க ஓடியும் எடை தூக்கியும் இருக்கலாம். ஆனால் மூன்று மணி நேரம் நின்று நின்று ஓடுவது, பக்கவாட்டில் சறுக்கி உடனே திரும்புவது, பதற்றத்தில் தோள் இறுகும்போதும் 120 முறை சர்வ் போடுவது, மறுநாள் காலை எழுந்து இதையே மறுபடி செய்வது, இதெல்லாம் போட்டியில் ஆடி ஆடித்தான் வரும். காயத்திலிருந்து திரும்பியவர் முதல் செட்டில் அருமையாக ஆடிவிட்டு மூன்றாவதில் காணாமல் போவது இதனால்தான்.

ஒரு இரவு துனிசியாவின் மொனாஸ்டிரில் நடந்த எம்15 ஆட்டம் ஒன்றை நேரலையில் பார்த்தேன். கோர்ட்டின் பின்னால் நகராத ஒரே ஒரு கேமரா. பந்து பொறுக்கிக் கொடுக்கப் பிள்ளைகள் இல்லை, ஆட்டக்காரர்களே நடந்து போய் எடுக்கிறார்கள். பார்வையாளர் நான்கைந்து பேர். பிரிட்டிஷ் பையன் இரண்டாவது செட்டின் நடுவில் தொடையைப் பிடித்துக்கொண்டான். நாற்காலியில் உட்கார்ந்து தானே தேய்த்துவிட்டான், பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துச் சாப்பிட்டான், எழுந்து ஆடினான். ஆட்டம் ஜெயித்தான். அடுத்த நாள் பட்டியலைப் பார்த்தால் விலகிவிட்டான் என்று இருந்தது. முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் தொடையைப் பிடித்தால் அன்று மாலையே அவருடைய சொந்த பிசியோ மேசையைப் போட்டுத் தயாராக இருப்பார், மறுநாள் ஸ்கேன், தேவைப்பட்டால் மூன்று வாரம் ஓய்வு. அந்த மூன்று வாரத்தைத் தாங்கும் பணம் அவரிடம் இருக்கும். 500ஆம் இடத்துக்காரருக்கு அடுத்த வாரப் போட்டிக்கான அறை வாடகை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, போன வருடப் புள்ளி வேறு கழியப் போகிறது. அதனால் ஆறாத காலோடு இறங்குகிறார். சின்ன இழுப்பு கிழிசலாகிறது, மூன்று வாரம் மூன்று மாதமாகிறது. பின்வரிசை வீரர்களின் பாதிக் கதை இந்தச் சுற்றுதான்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் ஜூன் மாதம். புல்தரையில் பந்து தாழ்வாக வரும், முழங்காலை மடக்கி மடக்கி ஆட வேண்டும். இடுப்பும் தொடையின் பின்பக்கமும் முதல் வாரத்திலேயே கல் மாதிரி இறுகிவிடும். ஆனால் நாட்டிங்ஹாம், இல்க்லி, குவீன்ஸ், ஈஸ்ட்போர்ன் என்று சொந்த ஊர்ப் போட்டிகள் வரிசையாக வருவதும், அழைப்பு கிடைப்பதும், நல்ல பணம் கிடைப்பதும் அந்த ஐந்தாறு வாரத்தில்தான். ஒன்றையும் விட மனசு வராமல் எல்லாவற்றிலும் ஆடுகிறார்கள்.

உடம்பு ஒத்துழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு லியம் பிராடி. 2023 விம்பிள்டன் இரண்டாம் சுற்றில், ரேங்கிங் 142ல் இருந்த அவர் நான்காம் நிலை வீரர் காஸ்பர் ரூடை சென்டர் கோர்ட்டில் ஐந்து செட்டில் ஜெயித்தார். ஐந்தாவது செட் 6-0. ஐந்தாவது செட்டில் தேய்ந்து போனது ரூட். அதே மாதிரி 2015ல் நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையில் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் வார்டு முதல் இரண்டு செட்டையும் இழந்த பிறகு அமெரிக்காவின் ஜான் இஸ்னரை ஜெயித்தது. கடைசி செட் 15-13, மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குச் சில நிமிடம் குறைவு. வார்டு அப்போது முதல் 100லேயே இல்லை. அந்த வருடம் பிரிட்டன் டேவிஸ் கோப்பையை வென்றதற்கு அந்த வெற்றி முதல் படி.

ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கைல் எட்மண்ட். 2018ல் ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதி, அந்த அக்டோபரில் உலகின் 14ஆம் இடம். பிறகு முழங்காலில் மூன்று அறுவை சிகிச்சை. திரும்பி வந்து, ஐடிஎஃப் போட்டிகளில் மறுபடி அடிமட்டத்திலிருந்து ஏறப் பார்த்தார். 2025 ஆகஸ்டில் 30 வயதில் ஓய்வு பெற்றார். அவருடைய ஃபோர்ஹேண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அடிக்கப் போய் நிற்க வேண்டிய இடத்துக்கு முழங்கால் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அவர் ஆட்டத்தை ரசித்தவன் என்பதால் இதை எழுதும்போது இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

காயம்பட்டவர்களுக்கு ரேங்கிங் பாதுகாப்பு உண்டாமே?

உண்டு. குறைந்தது ஆறு மாதம் ஆடாமல் இருந்தவர் பழைய ரேங்கிங்கைக் காட்டிச் சில போட்டிகளில் நுழையலாம். காயத்தின் முதல் மூன்று மாதத்து ரேங்கிங்கின் சராசரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் அது வாசலைத் திறக்கும், புள்ளி தராது. 80ல் இருந்தவருக்கு இது பெரிய உதவி. 600ல் இருந்தவருக்குப் பெரிதாக ஒன்றும் மாறாது.

ஜூனியரில் கலக்கிய பிரிட்டிஷ் பிள்ளைகள் ஏன் பிறகு காணாமல் போகிறார்கள்?

ஜூனியர் பட்டம் என்பது 17 வயதில் யார் முந்தி இருக்கிறார் என்பதைச் சொல்கிறது. 25 வயதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆலிவர் கோல்டிங் 2011ல் அமெரிக்க ஓப்பன் ஜூனியர் சாம்பியன். மூன்றே வருடத்தில் டூரை விட்டு விலகினார். அதே 2011ல் விம்பிள்டன் ஜூனியர் இறுதியில் தோற்றவர் மேலே சொன்ன பிராடி. அவர் முதல் 100க்குள் வர 2023 ஆயிற்று, 29 வயது. லாரா ராப்சன் 14 வயதில் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன், உலகின் 27ஆம் இடம் வரை வந்தவர். மணிக்கட்டு, பிறகு இடுப்பு என்று உடம்பு வரிசையாகக் கைவிட்டதில் 28 வயதில் ஓய்வு. இவரைக் "காணாமல் போனவர்" என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. 27ஆம் இடம் என்பது சும்மா கிடைப்பதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரயன் பெனிஸ்டனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது புற்றுநோய், அறுவை சிகிச்சை, கீமோதெரபி. அதனால் பதின்ம வயதில் சக பிள்ளைகளைவிட உடம்பு சிறுத்தே இருந்தது. அந்த வயதில் அவரை யாராவது எடைபோட்டிருந்தால் தேறமாட்டார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். 2022 குவீன்ஸில், ரேங்கிங் 180ல் இருந்தபோது காஸ்பர் ரூடை ஜெயித்துக் காலிறுதி வரை போனார்.

2023ல் ஹென்றி சேர்ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றார். 1962க்குப் பிறகு அதை வென்ற முதல் பிரிட்டிஷ் பையன். அவரைப் பற்றி இப்போதே தீர்ப்புச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். பத்து வருடம் கொடுங்கள்.

அமெரிக்கக் கல்லூரிக்குப் போவது நல்லதா, கெட்டதா?

பெரும்பாலானவர்களுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. 18 வயதில் எம்15 போட்டிகளில் தனியாக அலைவதற்குப் பதில் நான்கு வருடம் உதவித்தொகை, கோச், பிசியோ, ஜிம், நல்ல சாப்பாடு, கூடவே பட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக உடம்பு முதிர அவகாசம் கிடைக்கிறது. பிரிட்டனின் கேமரன் நாரியும் ஃபியர்ன்லியும் படித்தது ஒரே இடம், டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம். பெனிஸ்டன் மெம்பிஸ்.

ஆனால் ரேங்கிங் எண் இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பொய் சொல்லும். 2025 விம்பிள்டனில் ஆலிவர் டார்வெட் 733ஆம் இடம், சான் டியாகோவில் கல்லூரி மாணவர். தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து உள்ளே வந்தார், முதல் சுற்றிலும் நேர் செட் வெற்றி, பிறகு கார்லோஸ் அல்கராஸிடம் 6-1, 6-4, 6-4 என்று தோல்வி. இரண்டாம் சுற்றுக்கான பரிசு 99,000 பவுண்டு. அப்போதைய கல்லூரி விதிப்படி வருடத்துக்கு 10,000 டாலரும் செலவுக்கான தொகையும் மட்டுமே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் பெரும்பகுதி அவர் கைக்கு வரவில்லை. படிப்பை முடிக்கத் திரும்பிப் போனார்.

பணம்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

எல்லாவற்றுக்கும் இல்லை, நிறையவற்றுக்கு. இந்தக் கணக்கைப் பாருங்கள். எம்15 போட்டியில் ஐந்து ஆட்டமும் ஜெயித்துச் சாம்பியன் ஆனால் 15 புள்ளி, 2,000 டாலருக்குச் சற்று மேல். போட்டியின் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர்தான். விம்பிள்டன் பிரதான சுற்றில் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் 10 புள்ளி, 2025 கணக்குப்படி 66,000 பவுண்டு.

பில்லி ஹாரிஸ் மான் தீவில் வளர்ந்தவர். சில வருடங்கள் ஒரு ஃபோர்டு டிரான்சிட் வேனின் பின்னால் படுக்கை போட்டு, அதிலேயே தூங்கி, ஐரோப்பா முழுக்கத் தானே ஓட்டிச் சென்று சின்னப் போட்டிகளில் ஆடினார். விமானக் கட்டணமும் ஓட்டல் வாடகையும் மிச்சம். ஆனால் முதுகை யோசித்துப் பாருங்கள். இரவு வேன் தரையில் படுத்துவிட்டுக் காலையில் சர்வ் போட வேண்டும். 2024ல், 29 வயதில், குவீன்ஸில் காலிறுதி, ஈஸ்ட்போர்னில் அரையிறுதி, விம்பிள்டனில் முதல்முறையாக இடம், ரேங்கிங் 101 வரை. இந்தப் பட்டியலிலேயே நான் மிகவும் மதிக்கும் ஆள் அவர்தான்.

ஏடிபி 2024ல் ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த வருடக் கணக்குப்படி முதல் 100 பேருக்கு 3 லட்சம் டாலர், 175 வரை 1.5 லட்சம், 250 வரை 75,000. ஆடிச் சம்பாதித்தது அதற்குக் கீழே இருந்தால் மீதியைச் சேர்த்துத் தருவார்கள். நல்ல திட்டம். 250க்குக் கீழே இருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். வேனில் தூங்குவது அங்கேதான் நடக்கிறது.

விம்பிள்டன் வைல்டு கார்டு (ரேங்கிங் போதாதவருக்கும் போட்டி நடத்துபவர்கள் தரும் நேரடி அழைப்பு) கொடுப்பது நியாயமா? தகுதி இல்லாதவர்களுக்குச் சலுகை இல்லையா?

அலெக்ஸ் போக்டனோவிச் பெயரைச் சொல்லித்தான் எப்போதும் இந்தக் கேள்வி வரும். 2002 முதல் 2009 வரை எட்டு முறை வைல்டு கார்டு, எட்டு முறையும் முதல் சுற்றில் தோல்வி. ஆனால் அதே மனிதர் 108ஆம் இடம் வரை தன் உழைப்பில் ஏறியவர், சேலஞ்சர்களில் ஜெயித்தவர். வருடத்தில் ஒரே ஒரு நாள், மொத்த நாடும் பார்க்கும் நாளில், கை நடுங்கியது. அந்த ஒரு நாளை வைத்தே அவரை எடைபோட்டார்கள். அது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வைல்டு கார்டு பற்றி என் நிலை இதுதான்: தகுதிச் சுற்றுக்கான வைல்டு கார்டுகளைத் தாராளமாகக் கொடுக்கலாம், பிரதான சுற்றுக்கானதைக் கொஞ்சம் இறுக்கலாம். தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து வருபவரின் கால் சூடாகி இருக்கும், புல்தரைக்குப் பழகியிருக்கும், மனசிலும் தைரியம் இருக்கும். வில்லிஸும் டார்வெட்டும் அப்படி வந்தவர்கள்தான்.

பெண்கள் பக்கம் எப்படி?

அடிப்படை ஒன்றுதான், ஏற்றம் மட்டும் சில சமயம் இன்னும் வேகமாக இருக்கும். எம்மா ராடுகானு 2021 விம்பிள்டனுக்கு வந்தபோது 338. அங்கே நான்காம் சுற்றில் மூச்சுவிடச் சிரமப்பட்டு ஆட்டத்தின் நடுவில் விலக வேண்டி வந்தது. இரண்டே மாதத்தில் அமெரிக்க ஓப்பனைத் தகுதிச் சுற்றிலிருந்து ஆரம்பித்து, பத்து ஆட்டத்தில் ஒரு செட்கூட இழக்காமல் வென்றார். 2023ல் இரண்டு கைகளிலும் கணுக்காலிலும் அறுவை சிகிச்சை, ரேங்கிங் மறுபடி பின்வரிசைக்கு. மேலே போனதும் கீழே வந்ததும் ஒரே ஆள், ஒரே ஆட்டம்.

நான் அதிகம் பேச விரும்புவது பிரைட்டனைச் சேர்ந்த சோனே கார்ட்டல் பற்றி. 2024 விம்பிள்டனுக்கு 298ஆம் இடத்திலிருந்து தகுதிச் சுற்று வழியாக வந்து மூன்றாம் சுற்று வரை போனார். அந்த செப்டம்பரில் மொனாஸ்டிரில் முதல் டபிள்யூடிஏ (பெண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) பட்டம். 2025 விம்பிள்டனில் நான்காம் சுற்று. உயரம் குறைவு, சர்வில் இடிமுழக்கம் இல்லை. ஆனால் எந்தப் பந்துக்கும் ஓடுவார், அடுத்த நாளும் ஓடுவார்.

27, 28 வயதாகியும் 300ல் இருந்தால் விட்டுவிடலாமா?

அவர் முடிவு செய்யட்டும். ஹாரிஸுக்கும் பிராடிக்கும் 29 வயதில்தான் விடிந்தது. எவன்ஸ் 2017ல் கோகைன் சோதனையில் சிக்கி ஒரு வருடத் தடை பெற்று, ரேங்கிங்கே இல்லாமல் 2018ல் திரும்பி வந்தபோது அவருக்கு 27 வயது முடியப் போகிறது. முதல் ஏடிபி பட்டம் அதற்கு மூன்று வருடம் கழித்து. அந்தத் தடையை நான் நியாயப்படுத்தவில்லை, தவறு தவறுதான். வயதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நானும் ஒருவரைப் பின்தொடர்ந்து பார்க்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், 200க்கும் 600க்கும் நடுவில் இருப்பவராக. சேலஞ்சர் ஆட்டங்களை ஏடிபி தளத்திலும் எம்15, எம்25 ஆட்டங்கள் பலவற்றை ஐடிஎஃப் தளத்திலும் நேரலையாகப் பார்க்கலாம். ஐரோப்பிய ஆட்டங்கள் நம் நேரத்துக்கு மதியத்திலிருந்து இரவு வரை ஓடும், வேலை முடிந்து வந்தால் பிடித்துவிடலாம்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு வாரமும் மூன்றே விஷயம் குறியுங்கள். எத்தனை ஆட்டம் ஆடினார், மூன்றாவது செட் போனால் என்ன ஆனது, நடுவில் விலகினாரா. ஸ்கோர் பட்டியலில் பாதியில் விலகியதற்குத் தனிக் குறி போட்டிருப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். 12 வாரம் விலகலே இல்லாமல், வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டம் என்று ஒருவர் போய்க்கொண்டிருந்தால் அவருடைய அடுத்த மூன்று மாதத்தைக் கவனமாகப் பாருங்கள். ஜனவரியில் இதை ஆரம்பித்தீர்கள் என்றால், ஜூன் கடைசியில் ரோஹாம்ப்டனில் விம்பிள்டன் தகுதிச் சுற்று தொடங்கும்போது "யாருங்க இந்தப் பையன்" என்று உங்களிடம் நாலு பேர் கேட்பார்கள்.